சானே எப்படிச் ‘சும்மா’ போனார்? ஒரு விங்கரின் ஒப்பந்தக் கணக்கு

2025 ஜூனில் துருக்கியிலிருந்து வந்த ஒரு செய்தி பலரையும் குழப்பியது. ஜெர்மன் விங்கர் லெரோய் சானே, பேயர்ன் மியூனிக்கை விட்டு இஸ்தான்புல்லின் கலாட்டசராய்க்குப் போகிறார். 2020-ல் அவரை வாங்க பேயர்ன் கொடுத்தது 45 முதல் 50 மில்லியன் யூரோ வரை என்று அப்போது செய்திகள் வந்தன. 2025-ல் அவர் கிளம்பியபோது பேயர்னுக்குக் கிடைத்த டிரான்ஸ்ஃபர் தொகை பூஜ்யம். அப்போது அவருக்கு வயது 29. அந்தப் பருவத்தில்தான் ஜெர்மனியின் முதல்நிலை லீக்கான புண்டஸ்லிகாவில் 11 கோல் அடித்துப் பட்டமும் வென்றிருந்தார்.

ஆட்டம் தேய்ந்துபோனதால் விலை போகவில்லை என்று சொல்லிவிட முடியாது. 11 கோல் அடித்தவரை வாங்க எந்த லீக்கிலும் ஆள் உண்டு. ஒப்பந்தத்தில் எத்தனை மாதம் பாக்கி, மைதானத்தில் அவருக்கு எந்தப் பக்கம், அந்தப் பக்கத்துக்கு வேறு யார் இருக்கிறார்கள் என்று பார்த்தால்தான் விஷயம் புரியும். இதே கணக்கு ஐந்து வருடம் முன்பு பேயர்னுக்குச் சாதகமாக வேலை செய்தது என்பதையும் பலர் மறந்துவிட்டார்கள்.

விங்கர் என்பவர் யார்?

மைதானத்தின் இரு பக்க எல்லைக்கோடுகளை ஒட்டித் தாக்குபவர் விங்கர். அவரது வேலை எப்படி அமையும் என்பதை எந்தக் கால் பலம், எந்தப் பக்கம் நிற்கிறார் என்ற இரண்டும் சேர்ந்து முடிவு செய்யும்.

1. இடது கால் பலமுள்ள ‘இடது காலர்’ இடப்பக்கம் நின்றால் எல்லைக்கோட்டை ஒட்டியே ஓடுவார். எதிரணியின் வலது பேக்கை, அதாவது வலப்பக்கத் தடுப்பாளரை, வெளிப்பக்கமாகத் தாண்டி, கோல்கோடு வரை போய், பந்தைத் தாழ்வாக உள்ளே தள்ளுவார். கோலை வேறொருவர் அடிப்பார், இவர் கணக்கில் அசிஸ்ட் ஏறும்.
2. அதே ஆள் வலப்பக்கம் நின்றால் உள்ளே வெட்டி வருவார். பந்து இடது காலுக்கு வரும், எதிரே கோல்போஸ்ட் தெரியும். கோல் கூடும். ஆனால் அவர் உள்ளே வந்துவிட்டதால் வெளியே காலியாகும் இடத்துக்கு அந்தப் பக்கத் தடுப்பாளரான ஃபுல்பேக் ஓடி வர வேண்டும். வராவிட்டால் மூன்று தடுப்பாளர்களுக்கு நடுவே அகப்பட்டுக்கொள்வார்.

சானே சுத்தமான இடது காலர். இரண்டு விதமாகவும் ஆடியிருக்கிறார். அவர் பெயர் பரவியது முதல் விதத்தில், சம்பாதித்தது பெரும்பாலும் இரண்டாவது விதத்தில்.

எசனிலிருந்து மாட்ரிட் வரை

பிறந்தது 1996 ஜனவரி 11, எசன் நகரில். அப்பா சுலைமான் சானே செனகல் தேசிய அணிக்கு ஆடியவர். ஃப்ரைபுர்க், நூரன்பெர்க், வாட்டன்ஷைட் கிளப்களில் கோல் அடித்துக் குவித்த முன்கள வீரர். அம்மா ரெகினா வெபர், 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸில் மேற்கு ஜெர்மனிக்கு வெண்கலம் வாங்கித் தந்தவர். வேகம் அப்பா வழி, அந்த வளைந்து கொடுக்கும் உடம்பு அம்மா வழி என்று சொல்லாத ஜெர்மன் வர்ணனையாளர் இருக்க மாட்டார். ‘லெரோய்’ என்ற பெயர், செனகல் அணியின் பயிற்சியாளராக இருந்த பிரெஞ்சுக்காரர் க்ளோத் லெ ருவாவின் நினைவாக அப்பா வைத்தது.

வாட்டன்ஷைட், பிறகு ஷால்கே, 2008 முதல் மூன்று வருடம் லெவர்குசன், 2011-ல் மறுபடி ஷால்கே. இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே பணக் கணக்கில் திரும்ப வரும். 2015 மார்ச்சில் ஷால்கே மாட்ரிட் சென்று ரியாலை 4-3 என்று அடித்த இரவில், மாற்று ஆட்டக்காரராக இறங்கி ஒரு கோல் போட்டார். இரண்டு ஆட்டங்களையும் சேர்த்துப் பார்த்ததில் ஷால்கே வெளியேறியது. ஆனாலும் 19 வயதுப் பையனின் பெயர் எல்லா கிளப்களின் குறிப்பேட்டிலும் ஏறிவிட்டது. 2016 ஆகஸ்டில் மான்செஸ்டர் சிட்டி அவரை வாங்கியது. அடிப்படைத் தொகை 37 மில்லியன் பவுண்டு என்று செய்திகள் வந்தன.

மான்செஸ்டரில் அந்த இடப்பக்கம்

சானேயின் உச்சம் 2017-18 பருவம் என்பது என் கணிப்பு. பிரீமியர் லீக்கில் 10 கோல், 15 அசிஸ்ட். ஆண்டின் சிறந்த இளம் வீரர் என்று சக ஆட்டக்காரர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். சிட்டி 100 புள்ளிகளோடு பட்டம் வென்றது.

அதற்குப் பின்னால் ஒரு தற்செயல் இருக்கிறது. பருவத்தின் தொடக்கத்திலேயே, செப்டம்பரில், இடது பேக் பெஞ்சமின் மெண்டிக்கு முழங்கால் போனது. மெண்டி இருந்திருந்தால் எல்லைக்கோட்டை ஒட்டி அவர் ஓடியிருப்பார், சானே உள்ளே தள்ளப்பட்டிருப்பார். மெண்டிக்குப் பதிலாகப் பயிற்சியாளர் குவார்டியோலா நிறுத்தியது நடுக்கள ஆட்டக்காரர் ஃபேபியன் டெல்ஃபை. டெல்ஃப் வெளியே ஓடாமல் நடுக்களத்துக்குள் நகர்ந்து நின்றார். இடப்பக்க அகலம் முழுவதும் சானே ஒருவருக்கே வந்து சேர்ந்தது.

அந்த வருடம் திரும்பத் திரும்ப வந்த நகர்வைக் கிட்டத்தில் பார்க்கலாம். சானே எல்லைக்கோட்டில், பூட்ஸில் சுண்ணாம்பு ஒட்டுகிற அளவுக்கு ஓரமாக நிற்கிறார். அவரைக் காக்க வலது பேக் வெளியே வருகிறார். வலது பேக்குக்கும் நடுத் தடுப்பாளருக்கும் நடுவே ஒரு சந்து திறக்கிறது. பந்து டேவிட் சில்வாவிடம். சில்வா தலையைத் தூக்குவதற்கு முன்பே சானே கிளம்பிவிடுகிறார். சந்துக்குள் பாஸ், இடது காலால் ஒரே தொடுதலில் கோலுக்கு முன்னே தாழ்வாக ஒரு குறுக்குப் பந்து. தூரத்துப் போஸ்ட்டில் ரஹீம் ஸ்டெர்லிங் காலை நீட்டினால் போதும். டிரிப்ளிங் வித்தை எதுவும் தேவைப்படாத கோல் இது. முழுக்க நேரக் கணக்கு.

அடுத்த பருவத்தில், 2019 ஜனவரி 3, அதுவரை லீக்கில் தோற்காத லிவர்பூலுக்கு எதிராக 72-ஆவது நிமிடத்தில் இடது காலால் கோணத்தில் அடித்த பந்து தூரத்துப் போஸ்ட்டில் பட்டு உள்ளே போனது. 2-1. சிட்டி அந்தப் பட்டத்தை 98-க்கு 97 என்று ஒரே புள்ளியில் வென்றது.

2018: உலகக் கோப்பைக்கு ஏன் கூட்டிப்போகவில்லை?

2018 ஜூன் 4 அன்று ஜெர்மன் தேசிய அணிப் பயிற்சியாளர் யோவாக்கிம் லோவ் 27 பேர் பட்டியலை 23 ஆகக் குறைத்தார். வெளியே போன நால்வரில் சானே ஒருவர். அவருக்கும் யூலியன் பிராண்டுக்கும் இடையே கடைசி நேரம் வரை இழுபறி இருந்ததாகவும் பிராண்ட் தேர்வானதாகவும் லோவ் சொன்னார். அப்போது சானே 12 தேசிய ஆட்டங்களில் ஒரு கோல்கூட அடித்திருக்கவில்லை.

இதை வெறும் பிடிவாதம் என்று பலர் எழுதினார்கள். எனக்கு அது பாதி சரி. சிட்டியில் சானேவுக்காக ஒரு பக்கமே ஒதுக்கப்பட்டிருந்தது. லோவின் அணியில் விங்கர்கள் உள்ளே வந்து குறுகிய பாஸ்களில் ஆட, ஃபுல்பேக்குகள் வெளியே ஓடுவார்கள். அந்த அமைப்பில் சானேயின் பலம் பாதியாகிவிடும். ஆனால் பந்தை வைத்துக்கொண்டே சுற்றும் ஓர் அணிக்கு, பூட்டை உடைக்க ஒரு வேகக்காரர் பெஞ்சிலாவது இருந்திருக்க வேண்டும். மெக்சிகோவிடம் 0-1, தென் கொரியாவிடம் 0-2 என்று தோற்று ஜெர்மனி குழுவில் கடைசி இடத்தில் வெளியேறியது. அவர் இருந்திருந்தால் வென்றிருக்கும் என்று யாரும் நிரூபிக்க முடியாது. தேசிய அணிக்காக அவரது முதல் கோல் அதே ஆண்டு நவம்பரில், லைப்சிக்கில் ரஷ்யாவுக்கு எதிராக வந்தது.

முழங்காலும் முதல் கடிகாரமும்

ஒப்பந்தத்துக்கு வருவோம். ஒரு கிளப் இன்னொரு கிளப்புக்கு டிரான்ஸ்ஃபர் தொகை கொடுப்பது ஆட்டக்காரரை ‘வாங்க’ என்று சொல்கிறோம். உண்மையில் அது, நடப்பு ஒப்பந்தத்தைப் பாதியில் முறித்துக்கொள்ளப் பழைய கிளப் சம்மதிப்பதற்கான விலை. அப்படிப் பார்த்தால் விதிகள் எளிது:

1. ஒப்பந்தத்தில் ஆண்டுகள் அதிகம் பாக்கி இருந்தால் விலை அதிகம்.
2. கடைசி ஓராண்டுக்குள் வந்துவிட்டால், ‘இப்போது விற்காவிட்டால் அடுத்த வருடம் ஒன்றும் கிடைக்காது’ என்ற நிலை.
3. கடைசி 6 மாதத்துக்குள் வந்ததும், பழைய கிளப்பின் அனுமதியில்லாமலே வேறு கிளப்போடு முன் ஒப்பந்தம் போட ஃபிஃபா விதி இடம் தருகிறது.
4. ஒப்பந்தம் முடிந்த நாளில் தொகை பூஜ்யம். இதற்கு வேர் 1995 டிசம்பர் 15-ல் ஐரோப்பிய நீதிமன்றம் தந்த போஸ்மான் தீர்ப்பு. அதற்கு முன் ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரருக்கும் பணம் கேட்கும் வழக்கம் இருந்தது. தீர்ப்பு வந்து 27 நாள் கழித்துப் பிறந்தவர் சானே.

2019 கோடையில் பேயர்ன் சானேயைக் கேட்டது. ஒப்பந்தத்தில் இரண்டு வருடம் பாக்கி இருந்ததால் சிட்டி மிகப் பெரிய விலை எதிர்பார்த்தது. ஆகஸ்ட் 4, வெம்ப்ளியில் கம்யூனிட்டி ஷீல்ட் ஆட்டம், எதிரணி லிவர்பூல். ஆட்டம் தொடங்கிச் சிறிது நேரத்திலேயே வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டு சானே வெளியேறினார். ஏசிஎல் எனப்படும் முழங்காலின் நடு ஜவ்வில் சேதம். இன்ஸ்ப்ரூக்கில் அறுவைச் சிகிச்சை.

இடது காலால் உதைப்பவருக்கு ஊன்றுகால் வலது. முழு வேகத்தில் ஓடி, வலது காலை ஊன்றித் திசை மாற்றும்போது உடம்பின் எடை முழுவதும் அந்த முழங்காலில்தான் இறங்கும். இந்த அறுவைக்குப் பிறகு மைதானம் திரும்பப் பொதுவாக 6 முதல் 9 மாதம் ஆகும். ஆட ஆரம்பிப்பது வேறு, காலை நம்பி ஊன்ற ஆரம்பிப்பது வேறு. பழைய நம்பிக்கை வர அதற்கு மேலும் ஒரு பருவம் பிடிக்கிறது என்பது விளையாட்டு மருத்துவர்கள் அடிக்கடி சொல்வது. நடுவில் கொரோனா வந்து லீக்கும் நின்றது. 2020 ஜூனில் பர்ன்லிக்கு எதிராகக் கடைசி சில நிமிடங்கள் மட்டும் இறங்கினார்.

அதற்குள் ஒப்பந்தம் கடைசி ஆண்டில் நுழைந்துவிட்டது. நீட்டிக்க சானே மறுத்தார். காயம் ஒரு பக்கம், கடிகாரம் ஒரு பக்கம். 2020 ஜூலையில் சிட்டி விற்றது. முந்தைய கோடையில் பேசப்பட்ட தொகையில் ஏறக்குறைய பாதிக்கு பேயர்ன் வாங்கியது. சிட்டிக்காக அவர் ஆடியது 135 ஆட்டம், அடித்தது 39 கோல்.

மியூனிக்: பக்கம் மாறிய விங்கர்

தொடக்கம் அமர்க்களம். 2020 செப்டம்பர் 18, முதல் ஆட்டமே பழைய கிளப் ஷால்கேவுடன். பேயர்ன் 8-0, சானேவுக்கு ஒரு கோல், இரண்டு அசிஸ்ட். பிறகு இறங்குமுகம். அணியில் இடப்பக்கம் அல்ஃபோன்சோ டேவிஸ் என்ற இடது பேக் எல்லைக்கோட்டையே தன் வீடாக வைத்திருந்தார், விங்கர் கிங்ஸ்லி கோமானும் அங்கேதான். சானே வலப்பக்கம் போனார். உள்ளே வெட்டினால் தடுப்பாளர் கூட்டம், வெளியே போனால் பந்து பலமில்லாத வலது காலில்.

2021 ஆகஸ்டில் கொலோனுக்கு எதிரான ஆட்டத்தில் சொந்த ரசிகர்களே அவரைக் கூவிக் கேலி செய்தார்கள். புதிய பயிற்சியாளர் யூலியன் நாகல்ஸ்மான் செய்தது ஒரே ஒரு மாற்றம். அவரை இடப்பக்கம் கொண்டுவந்து, எல்லைக்கோட்டுக்கும் நடுக்களத்துக்கும் இடைப்பட்ட இடத்தில் நிறுத்தினார். வெளியே டேவிஸ் ஓடுவார். சானே திரும்பிப் பார்த்தபடியே பந்தை வாங்கலாம். சில வாரங்களில் அதே ரசிகர்கள் கைதட்டினார்கள். ஓர் ஆட்டக்காரரை ‘மனசு வைத்து ஆடவில்லை’ என்று திட்டுவதற்கு முன் அவர் நிற்கும் இடத்தை 10 மீட்டர் நகர்த்திப் பார்க்கலாம்.

ஐந்து பருவங்களில் நான்கு புண்டஸ்லிகா பட்டம். 220 ஆட்டம், 61 கோல். பெரிய நட்சத்திரத்துக்கு இது சுமார், நல்ல விங்கருக்கு இது தாராளம். பேயர்ன் நிர்வாகத்துக்கும் ரசிகர்களுக்கும் அவர் இந்த இரண்டில் எது என்ற குழப்பம் கடைசி வரை தீரவில்லை.

இரண்டாவது கடிகாரம்

ஒப்பந்தம் 2025 ஜூன் 30 வரை. 2024 கோடையில் பேயர்ன் நின்ற இடம், 2020-ல் சிட்டி நின்ற அதே இடம்: ஒரு வருடம் பாக்கி. ஆனால் விற்கவும் முடியவில்லை, நீட்டிக்கவும் அவசரப்படவில்லை. காரணங்கள் கண்கூடு.

1. ஐரோப்பியக் கோப்பைப் போட்டியான யூரோ 2024 முடிந்ததும் இடுப்புக்குக் கீழே தொடை இடுக்குத் தசையில் அறுவை நடந்தது. ஆறிக்கொண்டிருப்பவருக்கு நல்ல விலை வராது.
2. அதே கோடையில் கிரிஸ்டல் பேலஸிலிருந்து மைக்கேல் ஓலிசே வந்தார். அவரும் இடது காலர், அவரும் வலப்பக்கம், சானேயைவிடக் கிட்டத்தட்ட ஆறு வயது இளையவர். பேச்சுவார்த்தை மேசையில் சானேயின் பக்கம் இதனால் இளைத்தது.
3. 2020-ல் போட்ட சம்பளம் மிகப் பெரியது. பேயர்ன் அதைக் குறைத்துத்தான் புது ஒப்பந்தம் தரத் தயாராக இருந்தது. 2025 வசந்தத்தில் உடன்பாடு நெருங்கியதாகச் செய்தி வந்தது. பிறகு சானே ஏஜெண்டை மாற்றினார், பேச்சு திரும்ப முதலிலிருந்து தொடங்கியது, முடியவில்லை.

‘45 மில்லியன் நஷ்டம்’ என்று எழுதுபவர்களுக்காக ஒரு கணக்கு. கிளப்கள் டிரான்ஸ்ஃபர் தொகையை ஒரே வருடத்தில் செலவாக எழுதுவதில்லை. ஒப்பந்த ஆண்டுகளால் வகுத்து எழுதும். 45 மில்லியன், ஐந்து ஆண்டு என்று வைத்தால் ஆண்டுக்கு 9 மில்லியன். நான்கு ஆண்டு முடிந்ததும் ஏட்டில் மிச்ச மதிப்பு 9 மில்லியன். 2024-ல் 20 மில்லியனுக்கு விற்றிருந்தால், ஏட்டில் அது 11 மில்லியன் லாபம். ஐந்தாம் ஆண்டு முடிவில் மதிப்பு பூஜ்யம், ஆகவே சும்மா போனாலும் கணக்கில் நஷ்டம் காட்டாது. வரவேண்டிய லாபம்தான் கைநழுவியது. பதிலுக்குப் பட்டம் வென்ற ஒரு பருவத்தில் 11 கோல் கிடைத்தது, பெரிய சம்பளம் ஒன்றும் பட்டியலிலிருந்து இறங்கியது. இந்தப் பேரத்தில் பேயர்ன் ஏமாந்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

கடிகாரம் கடித்த இடம் வேறு. அந்தக் கோடையில் அமெரிக்காவில் கிளப் உலகக் கோப்பை, ஜூன் 14 முதல் ஜூலை 13 வரை. சானேயின் ஒப்பந்தம் போட்டி நடுவிலேயே முடிந்தது. ஜூலை 5, பாரிஸ் கிளப் பிஎஸ்ஜியுடன் கால் இறுதி. சானே இல்லை. அதே ஆட்டத்தில் பேயர்னின் ஜமால் முசியாலாவுக்குக் கால் முறிந்தது. பேயர்ன் 0-2 என்று தோற்றது.

பூஜ்யத்தில் யாருக்கு நட்டம், யாருக்கு லாபம்?

ஃபிஃபாவின் ஒற்றுமைப் பங்கு என்ற விதிப்படி, ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு ஒப்பந்தம் முடியுமுன் ஆட்டக்காரர் மாறினால், தொகையில் 5 சதவீதம் அவரை 12 முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்களுக்குப் போகும். 12 முதல் 15 வரையிலான ஒவ்வொரு பருவத்துக்கும் 0.25 சதவீதம், 16 முதல் 23 வரை பருவத்துக்கு 0.5 சதவீதம்.

சானேயின் 2020 மாற்றத்தை 45 மில்லியன் என்று வைத்து விதிப்படி போட்டுப் பார்த்தால்:

1. ஷால்கே: 12 வயதுப் பருவம் ஒன்று, 16 முதல் 20 வரை ஐந்து. மொத்தம் 2.75 சதவீதம், சுமார் 12.4 லட்சம் யூரோ.
2. லெவர்குசன்: 13, 14, 15 வயதுப் பருவங்கள். 0.75 சதவீதம், சுமார் 3.4 லட்சம் யூரோ.
3. 21 முதல் 23 வரை அவர் சிட்டியிலேயே இருந்ததால் மீதி 1.5 சதவீதம் சிட்டியின் பங்கு.

2025-ல் தொகை பூஜ்யம் என்பதால் இந்தப் பங்கும் பூஜ்யம். கடனில் தத்தளித்து இரண்டாம் டிவிஷனில் ஆடிக்கொண்டிருந்த ஷால்கேவுக்குத்தான் அது உண்மையான நட்டம். செய்திகளில் யாரும் இதைப் பேசவில்லை.

லாபம் ஆட்டக்காரருக்கு. பழைய கிளப்புக்குக் கொடுக்காத பணத்தை வாங்கும் கிளப் சம்பளத்தில் காட்டும். கலாட்டசராய் பங்குச் சந்தையில் பட்டியலான நிறுவனம் என்பதால் ஒப்பந்த விவரத்தைப் பகிரங்கமாக அறிவிக்க வேண்டும். அறிவித்தது: மூன்று பருவம், ஒவ்வொன்றுக்கும் நிகரமாக 9 மில்லியன் யூரோ, கூடவே பருவத்துக்கு 3 மில்லியன் விசுவாச ஊக்கத்தொகை. ‘நிகரம்’ என்றால் வரி போகக் கையில் வருவது. வரியைக் கிளப் தலையில் ஏற்றிக்கொள்கிறது. முழுதும் ஓடினால் அவர் கைக்கு 36 மில்லியன். ‘இலவச’ ஆட்டக்காரரின் விலை இது.

துருக்கிக்குப் போனதால் தேசிய அணி போனதா?

தேசிய அணிப் பயிற்சியாளர் இப்போது அதே நாகல்ஸ்மான். 2023 நவம்பரில் வியன்னாவில் ஆஸ்திரியாவுக்கு எதிராக எதிராளியைத் தள்ளிச் சிவப்பு அட்டை வாங்கி மூன்று ஆட்டத் தடை பெற்றபோதும், 2024 யூரோவுக்குச் சானேயைக் கூட்டிப்போனவர் அவர். ஆனால் துருக்கி லீக்கின் தரம் குறைவு, அங்கே தனித்துத் தெரிய வேண்டும் என்பதை மறைக்கவில்லை. 2025 செப்டம்பர், அக்டோபர் ஆட்டங்களுக்கு அழைக்கவில்லை. நவம்பரில் அழைத்தார், இனி நிறைய வாய்ப்பு வராது என்று எச்சரித்தே அழைத்தார்.

நவம்பர் 17, லைப்சிக். ஸ்லோவாக்கியாவை ஜெர்மனி 6-0 என்று சாய்த்து உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்ற ஆட்டம். சானேவுக்கு இரண்டு கோல், இரண்டுக்கும் பாஸ் ஃப்ளோரியன் விர்ட்ஸ். தடுப்பாளர்களுக்குப் பின்னால் கிடந்த காலியிடத்துக்குச் சானே ஓட, அங்கே பந்து வந்து சேர்ந்தது. சில்வா கொடுத்த அதே வகைப் பந்து. இப்போது கோலை அடிப்பது ஸ்டெர்லிங் இடத்தில் நிற்கும் சானே.

கலாட்டசராய் ஒப்பந்தம் 2028 கோடை வரை. 2028 ஜனவரி முதல் அவர் மறுபடி யாருடனும் பேசலாம். அப்போது வயது 32.